வங்கக் கடலில் நீர்மூழ்கிப் போர்: பழவேற்காட்டுக் கரைக்கு அப்பால் (1942–1971)

வங்கக் கடலில் நீர்மூழ்கிப் போர் என்பது, இரண்டாம் உலகப் போரின்போதும் 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போதும் சோழமண்டலக் கரையை ஒட்டிய கடல்வழியில் நீர்மூழ்கிக் கப்பல்கள் நடத்திய தாக்குதல்களையும், அவற்றைத் தடுக்க எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும் குறிக்கும். அட்லாண்டிக் பெருங்கடலில் நடந்த நீர்மூழ்கிப் போருடன் ஒப்பிட்டால் இங்கு மூழ்கிய கப்பல்களின் எண்ணிக்கை குறைவு. ஆயினும் சென்னை நகரின் வாழ்வு, அரிசி வரத்து, மாலுமிகளின் உயிர், மீனவர்களின் பிழைப்பு ஆகிய அனைத்தையும் இந்தப் போர் தொட்டுச் சென்றது. நீர்மூழ்கியின் முதன்மையான பலம் அதன் மறைவு. அந்த மறைவை முறிக்கக்கூடியது தகவல். எதிரி எங்கே இருக்கிறான் என்பதை யார் அறிந்திருந்தார்கள், யார் அறியாமல் இருந்தார்கள் என்பதே இக்கடலில் ஒவ்வொரு கட்டத்திலும் முடிவைத் தீர்மானித்தது.

இடமும் கடல்வழியும்

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் பழவேற்காடு ஏரி உள்ளது. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியையும் வங்கக் கடலையும் ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு பிரிக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்குளம் உள்ளிட்ட ஏரியோரக் கிராமங்களில் இறால், நண்டு, மடவை ஆகியவற்றைப் பிடித்து வாழ்வோர் உள்ளனர். ஏரிக்குள் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைப்படுத்தும் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு இப்பகுதியில் உண்டு. முகத்துவாரத்தை அடுத்த கடலோரக் குப்பங்களில் கட்டுமரம் ஏறிக் கடலுக்குச் செல்வோர் வாழ்ந்தனர்.

இக்கரைக்கு இரண்டு நீர்வழிகள் உண்டு. ஒன்று உள்நாட்டு வழியான பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய இக்கால்வாய் பின்னர் பழவேற்காடு ஏரி வழியாக வடக்கே நீண்டது. 1877–78 பஞ்ச நிவாரணப் பணியாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தபின் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. விறகு, உப்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு, தானியம் ஆகியவற்றை ஏற்றிய படகுகள் இவ்வழியே சென்னை வந்தன. மற்றொன்று வெளிக்கடல் வழி. கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் விசாகப்பட்டினம், கல்கத்தா, சிட்டகாங் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்கள் பழவேற்காட்டு மணல்திட்டுகளைத் தவிர்த்து, சற்று விலகி வடக்கே செல்லும். கால்வாய்ப் படகை எந்த நீர்மூழ்கியும் நெருங்க முடியாது. வெளிக்கடல் வழியே இரண்டு போர்களிலும் வேட்டைக்களமாயிற்று.

நீர்மூழ்கி போரிடும் முறை

அக்கால நீர்மூழ்கிகள் இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகளைப் போல மாதக்கணக்கில் நீருக்குள் இருக்கக்கூடியவை அல்ல. நீர்மட்டத்தில் டீசல் இயந்திரத்தாலும் நீருக்குள் மின்கலத்தாலும் ஓடின. மின்கலம் சில மணி நேர விரைவு ஓட்டத்திலேயே தீர்ந்துவிடும். மெதுவாகச் சென்றால் ஓரிரு நாள் தாங்கும். பின் மேலே வந்து டீசலை இயக்கி மின்னேற்றம் செய்தாக வேண்டும். ஆகவே அவை பெரும்பாலும் இரவில் மேல்மட்டத்தில் பயணம் செய்து, பகலில் மூழ்கிக் காத்திருந்தன.

தனியாக வரும் சரக்குக் கப்பல் இத்தகைய நீர்மூழ்கிக்கு எளிய இரை. பெரிஸ்கோப் வழியே கப்பலின் வேகத்தையும் திசையையும் கணித்து, அது வந்து சேரவிருக்கும் இடத்தை நோக்கி டார்பிடோவைச் செலுத்துவார்கள். காவல் இல்லாத சிறு கப்பலாயின், விலை உயர்ந்த டார்பிடோவைச் செலவிடாமல் மேலே வந்து பீரங்கியால் சுடுவதும் உண்டு.

இதற்கு எதிரான முதல் தற்காப்பு கான்வாய் எனப்படும் காவல் அணி. பல சரக்குக் கப்பல்கள் ஒன்றாகச் செல்ல, போர்க்கப்பல்கள் சுற்றிலும் காவல் வரும். இரண்டாவது, ஒலி அலையை நீருக்குள் செலுத்தி அதன் எதிரொலியால் நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் கருவி. பிரிட்டிஷார் அதை அக்காலத்தில் ஆஸ்டிக் என்றனர். மூன்றாவது, குறித்த ஆழத்தில் வெடிக்கும் ஆழ்நீர்க் குண்டு. இம்மூன்றும் இருந்தால் நீர்மூழ்கியின் மறைவு குலையும். 1942-இன் தொடக்கத்தில் வங்கக் கடலின் சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் இவை எதுவும் இன்றியே சென்றன.

முன்நிகழ்வு: எம்டன்

கப்பல் வணிகத்தை அச்சத்தால் முடக்க முடியும் என்பதை இக்கடல் முதல் உலகப் போரிலேயே கண்டது. ஜெர்மனியின் எம்டன், நீர்மூழ்கி அன்று. விரைந்து செல்லும் குரூசர் வகைப் போர்க்கப்பல். 1914 செப்டம்பரில் வங்கக் கடலுக்குள் நுழைந்த அது பல வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை நோக்கிச் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் எம்டனை அழித்தது. ஆனால் அப்பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. மிரட்டலான ஆளை, தந்திரக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு அந்த இரவின் எச்சம்.

எம்டன் செய்ததும் பின்னாளில் நீர்மூழ்கிகள் செய்ததும் அடிப்படையில் ஒன்றே. ஒரே ஒரு கப்பல் எங்கிருக்கிறது என்று தெரியாத காரணத்தால், நூறு கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பத் தயங்கின.

1942 ஜனவரி: சென்னைக்கு அப்பால் மூன்று கப்பல்கள்

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. சில நாள்களிலேயே மலாயாவின் பினாங்குத் தீவு அதன் கைக்கு வந்தது. தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த அத்தீவு, 1942 தொடக்கம் முதல் இந்தியப் பெருங்கடலில் இயங்கிய ஜப்பானிய நீர்மூழ்கிகளின் தளமாயிற்று. பின்னர் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் அங்கு வந்து தங்கின.

1942 ஜனவரி இறுதியில் ஐ-64 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி சென்னைக்குக் கிழக்கே வந்து சேர்ந்தது. சில நாள் இடைவெளிக்குள் அது மூன்று கப்பல்களை மூழ்கடித்தது. முதலாவது, ஃபுளோரன்ஸ் லுக்கன்பாக் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். அதன் மாலுமிகள் உயிர் தப்பினர். மற்ற இரண்டும் ஜலதரங், ஜலபாலகா என்ற இந்தியக் கப்பல்கள். ஜலதரங்கின் மாலுமிகளில் பெரும்பாலோர் மாண்டனர். தாக்குதல் நடந்த இடங்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு நாள் பயணத்துக்கும் குறைவான தொலைவில் இருந்தன. பழவேற்காட்டு மீனவர்கள் வலை விரிக்கும் கடலின் அடுத்த வீட்டுத் திண்ணை போன்ற இடம் அது.

'ஜல' என்று தொடங்கும் பெயர்கள் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்கு உரியவை. வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி ஆகியோரின் முயற்சியில் உருவான இந்திய நிறுவனம் அது. அதன் முதல் கப்பலான லாயல்டி 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அரசின் அடக்குமுறையாலும் ஆங்கிலேயக் கம்பெனியின் கட்டணப் போட்டியாலும் நிலைக்க முடியாமல் போனது. அந்தக் கனவைத் தொடர்ந்து கடலில் நிலைநிறுத்திய நிறுவனம் சிந்தியா. இந்தியர்களைக் கலந்து பேசாமலேயே 1939-இல் அரசப் பிரதிநிதி இந்தியாவைப் போரில் இணைத்தார். அப்போரின் விலையைச் சென்னைக் கடலில் முதலில் செலுத்தியவற்றுள் இரண்டு இந்தியர்களின் கப்பல்களாகவே இருந்தன.

ஐ-64 நெடுநாள் நிலைக்கவில்லை. 1942 மே 17 அன்று ஜப்பானின் கியூஷு தீவுக்கு அப்பால் டிரைட்டன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி அதை டார்பிடோவால் தாக்கியது. அதிலிருந்த அனைவரும் இறந்தனர். பிறர் கண்ணுக்குத் தெரியாமல் வேட்டையாடிய கப்பல், தன் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கப்பலால் வேட்டையாடப்பட்டது.

1942 ஏப்ரல்: வராத படைக்குப் பயந்து காலியான நகரம்

மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் குண்டுவீசப்பட்டன. ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதே நாள்களில் ஓசாவா தலைமையிலான மற்றொரு ஜப்பானியக் கடற்படைப் பிரிவு வங்கக் கடலின் வடபகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. இவை மேல்மட்டக் கப்பல்களும் விமானங்களும் நடத்திய தாக்குதல்கள். ஜப்பானிய நீர்மூழ்கிகள் அதே வேளையில் இந்தியாவின் மேற்குக் கரையோரம் ஐந்து கப்பல்களை மூழ்கடித்தன. கிழக்குக் கரையில் கப்பல் போக்குவரத்து கிட்டத்தட்ட நின்றது.

ஜப்பானியப் படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தகவல் அரசுக்குக் கிடைத்தது. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, அவசியப் பணியில் இல்லாதோர் நகரைவிட்டு வெளியேறுமாறு அறிவுறுத்தியது. அலுவலகங்கள் உள்நாட்டுக்கு மாற்றப்பட்டன. ரயில்களிலும் மாட்டுவண்டிகளிலும் மக்கள் வெளியேறினர். குண்டுவீச்சில் கூண்டு உடைந்து தப்பிவிடும் என்ற அச்சத்தில் சென்னை உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. படை வரவில்லை. ஜப்பானியக் கப்பல்கள் அதற்குள் கிழக்கே திரும்பிவிட்டிருந்தன. கடலில் எதிரி எங்கே என்று அறியும் வழி இல்லாத நிலையில், ஒரு தவறான தகவலே நகரத்தைக் காலி செய்யப் போதுமானதாக இருந்தது.

அரிசியும் படகும்

போருக்கு முன் வங்காளத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் பர்மா அரிசி கடல்வழியே வந்தது. ரங்கூனின் வீழ்ச்சியோடு அந்த வரத்து அற்றுப்போனது. எஞ்சிய தானியத்தைக் கரையோரமாகக் கப்பலில் கொண்டு செல்வதும் ஆபத்தாயிற்று. சுமை முழுவதும் ரயில் பாதைகள்மீது விழுந்தது. ரயில்களோ படைகளுக்கும் ஆயுதங்களுக்கும் முதலிடம் தந்தன. 1943-இல் வங்காளத்தில் ஏற்பட்ட பெரும்பஞ்சத்துக்கு விலையேற்றம், பதுக்கல், அரசின் தவறான கொள்கை, புயல் எனக் காரணங்கள் பல. கடல்வழி முடங்கியது அவற்றுள் ஒன்று.

கடல் அச்சம் மீனவர்களை எப்படித் தாக்கும் என்பதற்கு வங்கக் கரையே சான்று. ஜப்பானியர் கரையிறங்கினால் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று சொல்லி, 1942-இல் வங்காளத்தின் கரையோர மாவட்டங்களில் பல்லாயிரம் நாட்டுப் படகுகளை அரசு பறிமுதல் செய்தது அல்லது அழித்தது. வலை இருந்தும் படகு இல்லாத மீனவர்கள், பஞ்சம் வந்தபோது முதலில் மடிந்தவர்களுள் அடங்குவர். டார்பிடோ ஒன்றுகூடத் தொடாத ஏழைகள் கடற்போருக்குப் பலியான விதம் இது.

1943–44: காவல் அணிகளின் காலம்

1943-க்குள் நிலைமை மாறியது. கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் கப்பல்கள் காவல் அணிகளாகத் திரட்டப்பட்டன. பிரிட்டிஷ் கப்பல்களுடன் ராயல் இந்தியக் கடற்படையின் கப்பல்களும் ஆஸ்திரேலியக் கப்பல்களும் காவல் புரிந்தன.

காவல் இருந்தும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1943 டிசம்பர் 23 அன்று பெஷாவர் என்ற பிரிட்டிஷ் கப்பல், காவல் அணியில் சென்றுகொண்டிருந்தபோதே சென்னைக்குத் தெற்கே சோழமண்டலக் கரையோரம் ரோ-111 என்ற நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. உதவிக்கு வேறு கப்பல்கள் அருகில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதற்குச் சில நாள் முன்பு, டிசம்பர் 14 அன்று, தனியாகச் சென்ற டெய்சி மோலர் என்ற கப்பல் கோதாவரி முகத்துவாரத்துக்கு அப்பால் ரோ-110 நீர்மூழ்கிக்கு இரையானது. உயிர்காப்புப் படகுகளில் ஏறித் தப்ப முயன்ற மாலுமிகளையும் அந்த நீர்மூழ்கி இடித்தும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டும் கொன்றது. பெரும்பாலோர் இறந்தனர். ஒரே மாதத்தில், ஒரே கரையோரம் நடந்த இவ்விரு நிகழ்வுகளும் தனிப் பயணத்துக்கும் அணிப் பயணத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1944 பிப்ரவரி 11 அன்று ஜேசி-36 என்ற காவல் அணி, சோழமண்டலக் கரையைக் கடந்து விசாகப்பட்டினத்துக்கு அருகே சென்றுகொண்டிருந்தது. அதே ரோ-110 அந்த அணியைத் தாக்கியது. அஸ்பாலியன் என்ற கப்பல் சேதமடைந்தது, ஆனால் மூழ்கவில்லை. காவலில் இருந்த இந்தியக் கடற்படையின் ஜம்னா, ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டன், இப்ஸ்விச் ஆகிய மூன்றும் சோனார் எதிரொலியைப் பின்தொடர்ந்து ஆழ்நீர்க் குண்டுகளை வீசின. எண்ணெய் மேலே வந்தது. ரோ-110 தன் மாலுமிகள் அனைவருடனும் மூழ்கியது.

மறுநாளே மாலத்தீவுகளுக்கு அருகே இதற்கு நேர்மாறான அவலம் நிகழ்ந்தது. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த கெதிவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பலை ஐ-27 தாக்கியது. இரண்டே நிமிடங்களில் கப்பல் மூழ்க, செவிலியர் உட்பட 1,297 பேர் இறந்தனர். காவல் கப்பல்கள் அன்றே ஐ-27-ஐ அழித்தன. மார்ச் 16 அன்று, ஹஜ் பயணிகளுக்காக சிந்தியா கம்பெனி கட்டிய எல் மதீனா என்ற கப்பல், துருப்புகளை ஏற்றிக் கல்கத்தாவிலிருந்து சிட்டகாங்குக்குச் செல்லும் வழியில் ரோ-111-ஆல் மூழ்கடிக்கப்பட்டது. 380 பேர் மாண்டனர்.

இவ்வளவு நடந்தும், ஜப்பான் தன் நீர்மூழ்கிகளை வணிகக் கப்பல்களுக்கு எதிராக முழுமையாகத் திருப்பவில்லை. எதிரியின் போர்க்கப்பல்களை அழிப்பதே நீர்மூழ்கியின் கடமை என்று அதன் கடற்படை கருதியது. பசிபிக் போர் தீவிரமானபோது நீர்மூழ்கிகள் அங்கே அழைக்கப்பட்டன. வங்கக் கடல் வழி மூடப்படாமல் தப்பியதற்குக் காவல் அணிகள் ஒரு காரணம் என்றால், ஜப்பானின் இக்கொள்கை மற்றொரு காரணம்.

மாலுமிகள்

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் போர்க்காலத்தில் பணிபுரிந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் லஸ்கர் எனப்பட்ட இந்தியத் துணைக்கண்ட மாலுமிகள். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவோர், இயந்திர அறையில் எண்ணெய் விடுவோர், சமையல்காரர், தளத்தில் வேலை செய்வோர் எனக் கப்பலின் கடினமான பணிகள் அவர்களுடையவை. ஐரோப்பிய மாலுமிகளைவிட அவர்களின் சம்பளம் மிகக் குறைவு. டார்பிடோ பெரும்பாலும் கப்பலின் நடுப்பகுதியை, அதாவது இயந்திர அறையும் கொதிகலன் அறையும் உள்ள இடத்தைக் குறிவைத்து ஏவப்படும். அங்கே வேலை செய்தவர்களுக்கு மேலே ஓடிவர நேரம் இருப்பதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இறந்த, கல்லறை இல்லாத ஏறத்தாழ 6,000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் இரண்டு ஒத்த பதிவேடுகளில் எழுதப்பட்டுள்ளன. ஒன்று மும்பையிலும் மற்றொன்று சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ளது.

1971: காஸி நீர்மூழ்கி

விடுதலைக்குப் பின் இக்கடலில் மீண்டும் ஒரு நீர்மூழ்கி வேட்டைக்கு வந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் நெருக்கடி முற்றிய 1971-இல், இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் கிழக்குக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அது வங்கக் கடலில் இருக்கும்வரை கிழக்குப் பாகிஸ்தான் துறைமுகங்களுக்குக் கப்பல் வர முடியாது. அதைத் தேடி அழிக்கப் பாகிஸ்தான் காஸி என்ற நீர்மூழ்கியை அனுப்பியது. 1945-இல் அமெரிக்கக் கடற்படையில் டையப்லோ என்ற பெயரில் சேர்ந்து, 1964-இல் பாகிஸ்தானுக்குக் குத்தகையாக வந்த கப்பல் அது. இலங்கையைச் சுற்றி வங்கக் கடல்வரை வந்து திரும்பும் எரிபொருள் வசதி பாகிஸ்தானின் நீர்மூழ்கிகளில் அதற்கு மட்டுமே இருந்தது.

1971 நவம்பர் 14 அன்று காஸி கராச்சியிலிருந்து புறப்பட்டது. இலங்கையைச் சுற்றி வந்து, நவம்பர் 23 வாக்கில் சென்னைக்கு அப்பால் விக்ராந்தைத் தேடியது. விக்ராந்த் அங்கு இல்லை. பின் காஸி வடக்கே விசாகப்பட்டினம் நோக்கிச் சென்றது. சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் செல்லும் வழி பழவேற்காட்டுக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் அப்பால்தான் செல்கிறது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான், அக்டோபர் 9 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி-125 என்ற முதல் சிறு ராக்கெட் ஏவப்பட்டிருந்தது.

கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர் துணை அட்மிரல் நீ. கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தின் கொதிகலன்களில் ஒன்று பழுதாகி வேகம் குறைந்திருந்ததை அவர் அறிவார். நீர்மூழ்கியின் முன் அதை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். ஆகவே அவர் விக்ராந்தை அந்தமான் தீவுகளின் ஒதுக்கமான துறைக்கு அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்துக்கு அருகே இருப்பதுபோல நாடகம் நடத்தினார். ராஜ்புத் என்ற பழைய அழிகலம் விக்ராந்தைப் போலக் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை அனுப்பியது. பெரிய கப்பலுக்கு ஆவது போல இறைச்சியும் காய்கறியும் சந்தையில் மொத்தமாக வாங்கப்பட்டன. விக்ராந்த் வரப்போகிறது, துறைமுகத்தில் இடம் ஒதுக்குங்கள் என்று சென்னைக் கடற்படை அதிகாரிக்குச் சொல்லப்பட்டது. மாலுமி ஒருவர் தம் தாயின் உடல்நிலை கேட்டு அனுப்பும் சாதாரணத் தந்தியும் மறைகுறியின்றி அனுப்பப்பட்டது. ஒட்டுக்கேட்போர் நம்பவேண்டும் என்பதே இவை அனைத்தின் நோக்கம்.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கு இந்திய விமானத் தளங்களைத் தாக்கப் போர் தொடங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது நீரில் ஐயத்துக்கிடமான சலனத்தைக் கண்டு ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது. சற்று நேரத்தில் நகரையே அதிரவைத்த ஒரு வெடிச்சத்தம் கேட்டது. காலையில் கடலில் எண்ணெய்ப் படலமும் மிதக்கும் பொருள்களும் இருப்பதை மீனவர்கள் தெரிவித்தனர். மூழ்கு வீரர்கள் இறங்கித் தேடியதில் கடலடியில் கிடந்தது காஸி என்று உறுதியானது. அதிலிருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ராஜ்புத்தின் தாக்குதலால் காஸி அழிந்தது என்பது இந்தியத் தரப்பின் கூற்று. தான் விதைத்துக்கொண்டிருந்த கண்ணிவெடியாலோ உள்ளே ஏற்பட்ட வெடிப்பாலோ அழிந்தது என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. எப்படியாயினும், விக்ராந்த் இல்லாத இடத்துக்கு அதை இழுத்துவந்தது பொய்த்தகவல் என்பதில் ஐயமில்லை.

விக்ராந்தின் விமானங்கள் டிசம்பர் 4 முதல் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களையும் அங்கிருந்த கப்பல்களையும் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழி அடைபட்டது.

நீர்மூழ்கியின் ஆபத்து அத்துடன் முடியவில்லை. டிசம்பர் 9 இரவு, மேற்கே டையூவுக்கு அப்பால் ஹேங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி இந்தியாவின் குக்ரி போர்க்கப்பலை மூழ்கடித்தது. கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை மூழ்கடித்த முதல் நிகழ்ச்சி அது. தன் இருப்பை மறைத்துக்கொண்ட ஹேங்கோர் வென்றது. ஏமாற்றப்பட்ட காஸி அழிந்தது.

மதிப்பீடு

1942 ஜனவரியில் தனித்துச் சென்ற கப்பல்களுக்கு நீர்மூழ்கி அருகில் இருப்பது தெரியவில்லை, அவை மூழ்கின. 1942 ஏப்ரலில் சென்னைக்குக் கிடைத்தது தவறான தகவல், நகரம் காலியானது. 1944-இல் காவல் அணியின் சோனார் எதிரியைக் காட்டிக்கொடுத்தது, ரோ-110 அழிந்தது. 1971-இல் பொய்த்தகவல் ஒரு நீர்மூழ்கியைத் திசைமாற்றியது, விக்ராந்த் பிழைத்தது. வங்கக் கடலில் நீர்மூழ்கிப் போரின் வரலாறு, ஆயுதங்களின் வரலாறாக இருப்பதைவிட அறிதலின் வரலாறாகவே அதிகம் இருக்கிறது.

அந்த அறிதலில் மீனவர்க்கும் பங்கு உண்டு. விசாகப்பட்டினத்துக் கடலில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டு சொன்னவர்கள் அன்றாடம் அங்கே தொழில் செய்தவர்கள். கடலில் எது வழக்கமானது, எது புதியது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை. கரையோரப் பாதுகாப்பில் மீனவர்களைக் 'கண்ணும் காதும்' என்று கடற்படையும் கடலோரக் காவல்துறையும் இன்று குறிப்பிடுவது இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே. ஆனால் வங்காளத்துப் படகுப் பறிமுதல் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. கடலில் அச்சம் எழும்போது அரசு முதலில் கைவைப்பது மீனவரின் படகிலும் அவர் செல்லும் கடலிலும்தான். பாதுகாப்புக்கு அவர்களின் உதவி தேவைப்படும் எனில், அவர்களின் பிழைப்புக்கும் பாதுகாப்பு தேவை.

காஸியின் அழிவையும் 1971 வெற்றியையும் நினைவூட்டும் சின்னம் விசாகப்பட்டினம் கடற்கரையில் உள்ளது. குக்ரியின் வீரர்களுக்கு டையூவில் நினைவிடம் உண்டு. ஜலதரங், ஜலபாலகா ஆகிய கப்பல்களின் பெயர்கள் வரலாற்றை ஆழ்ந்து படிப்போருக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை. போர்க்கோலம் பூணாமல், சம்பளத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்று, சென்னைக் கடலில் உயிர்விட்ட அந்த மாலுமிகளும் இவ்வரலாற்றின் பகுதியே.